பேசாதவர் மைக்

முதல் மூன்று வாரமும் என் கையில் இருந்தவை ஒரு மாஸ்கிங் டேப் சுருளும் ஒரு கறுப்பு மார்க்கரும்தான். கோவையில் மில் அலுவலகம், கல்லூரி, சங்கக் கட்டடம் என்று கூட்ட அறைகளுக்கு மைக்கும் ஸ்பீக்கரும் போட்டுக் கொடுத்து, முக்கியமான கூட்டங்களுக்கு ஆளையும் அனுப்பும் சின்னக் கம்பெனி எங்களுடையது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு வந்தவன் நான். சேர்ந்த அன்றே மிக்சர் முன்னால் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணா இருபது வயதிலேயே நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்ட மரமேறியவர். "மொதல்ல பேர் எழுதப் பழகுங்க தம்பி" என்று டேப்பைக் கையில் கொடுத்துவிட்டார்.

முதலில் போனது ஒரு மில்லின் கூட்ட அறைக்கு. ‘ப’ வடிவத்தில் மேசை. அதில் வளையும் கழுத்துள்ள 12 கூஸ்நெக் மைக். அதுபோக இரண்டு கார்ட்லெஸ், ஒரு லேப்டாப், வீடியோ அழைப்புக்கான வரத்து ஒன்று. மிக்சரில் ஃபேடர்களுக்குக் கீழே டேப்பை நீளமாக ஒட்டி, மைக் 1, மைக் 2 என்று 12 வரை குண்டு எழுத்தில் எழுதி வைத்தேன். அண்ணா வந்து பார்த்தார்.

"ஏழாம் நம்பர்ல யாருங்க உக்காருவாங்க?"

தெரியவில்லை.

"அந்த ஆள் திடீர்னு பேச ஆரம்பிச்சா உங்க கை எங்க போகும்?"

அதுவும் தெரியவில்லை. டேப்பை ஓர் ஓரத்திலிருந்து உரித்துச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டார். பிறகு என்னை மிக்சர் நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே பார்க்கச் சொன்னார். மிக்சர் இருந்தது அறையின் பின்மூலையில். தலைவர் நாற்காலி எனக்கு நேர் எதிரே, ‘ப’வின் அடிப்பகுதியில். வயர் இழுத்தவர்கள் தலைவருக்கு இடப்பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு போயிருந்தார்கள். அவருடைய இடம் எனக்கு வலம். எண்வரிசை ஒரு பக்கம் ஓட, என் கண் வேறு பக்கம் ஓடியது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் மேசையின் இடக்கை, அடிப்பக்கம், வலக்கை என்று கண் எந்த வழியாகப் போகிறதோ அதே வரிசையில் ஃபேடர்களும் இருக்க வேண்டும். பின்னால் சொருகியிருந்த கேபிள்களை எல்லாம் கழற்றி, அந்த வரிசைக்கு மாற்றிச் சொருகினோம். "கண்ணு போற எடத்துக்குக் கை தானாப் போகோணும்" என்றார்.

தலைவர் மைக்கை மட்டும் அந்த வரிசையிலிருந்து எடுத்து, வலக்கோடியில் மாஸ்டர் ஃபேடருக்குப் பக்கத்தில் வைத்தார். எந்த ஊர், எந்த அறை, எந்த மிக்சர் ஆனாலும் தலைவர் மைக்குக்கு அந்த இடம்தான். இருட்டிலும் தேடாமல் எட்டும் இடம். கார்ட்லெஸ் இரண்டுக்கும் முன்னால் ஒரு ஃபேடர் காலியாக விட்டார், விரல் தடுமாறி மேசை மைக்கில் போய் விழாமல் இருக்க. லேப்டாப், அழைப்பு இரண்டும் கடைசியில். டேப்பில் எண்ணுக்குப் பதிலாக ஆள் பெயர். பெயர் தெரியாவிட்டால் கண்ணில் பட்ட அடையாளம். ‘கண்ணாடி’, ‘நரைத்த மீசை’, ‘ஜன்னல் ஓரம்’. கேபிளின் இரண்டு முனைகளிலும் அதே பெயர். மூன்று வாரம் இதையே செய்தேன். நடுநடுவே எக்ஸ்எல்ஆர் முனைகளுக்கு ஈயம் வைக்கவும் பழகினேன்: ஒன்றாம் பின்னில் வலைக்கம்பி, இரண்டிலும் மூன்றிலும் குரல். இரண்டையும் மூன்றையும் எப்போதாவது மாற்றி வைத்துவிட்டால் கேபிளைத் திட்டாமல் என்னைத்தான் பார்ப்பார்.

நாலாவது வாரம் கெயின் குமிழைத் திருப்பவிட்டார்.

கெயினும் ஃபேடரும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று அதுவரை நினைத்திருந்தேன். இரண்டும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத்தானே? ஃபேடரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் கோடுகளை அண்ணா விரலால் தடவிக் காட்டினார். ‘0’ என்ற கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலம் நகர்த்தினால் சில டெசிபல்தான் மாறும். அதே விரல் அகலத்தைக் கீழ்க்கோடியில் நகர்த்தினால் இருபது டெசிபலுக்கு மேல் தாவும். கெயினை ஏற்றி வைத்துவிட்டால், அறைக்கு அது தாங்காது. ஃபேடரை அடியில் கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கும். அங்கே கை லேசாக நடுங்கினாலும் பேசுகிறவர் குரல் அமுங்கும், இல்லையென்றால் அலறும். எல்லா ஃபேடரும் ‘0’ கோட்டில் நின்றால் எல்லாக் குரலும் ஒரே அளவில் கேட்க வேண்டும். அந்த அளவுக்கு ஒவ்வொரு கெயினையும் முன்கூட்டியே சரிசெய்துவிட வேண்டும். கூட்டம் நடக்கும்போது கை ஃபேடரில் மட்டும்.

இதற்குக் குரல் வேண்டும். "ஹலோ, செக், ஒன் டூ த்ரீ" என்று யாரும் கூட்டத்தில் பேசுவதில்லை. அண்ணா அந்த அலுவலகத்தின் உதவியாளரைக் கூப்பிட்டு ஒவ்வொரு நாற்காலியாக உட்கார வைப்பார். காலையில் எந்த பஸ் ஏறி வந்தீங்க, என்ன சாப்பிட்டீங்க, மழை பெய்ததா என்று கேட்பார். அவர் சாய்ந்துகொண்டு சாதாரணமாகப் பேசும் குரலுக்கு மீட்டர் -18 பக்கம் ஆடுமாறு கெயினைத் திருப்புவேன். பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு கதை. கடைசி நாற்காலிக்கு வரும்போது அவர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்பது வரை எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அறை காலியான பிறகு ஒரு சோதனை செய்து காட்டினார். இந்தத் தொழிலில் நான் கற்றவற்றில் பெரியது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். எல்லா மைக்கையும் மூடினார். ஒன்றை மட்டும் திறந்து, மாஸ்டரை ஒரு அளவுக்கு ஏற்றினார். அறை அமைதியாக இருந்தது. இரண்டாவதைத் திறந்தார். மூன்றாவது, நான்காவது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, தரை முழுக்க வழவழப்பான டைல்ஸ். ஆறாவது மைக்கைத் திறந்தபோது ஏசி சத்தத்துக்குள்ளிருந்து மெலிசாக ஒரு ரீங்காரம் எழுந்தது. ஏழாவதைத் திறந்ததும் அது விசிலாக மாறி அறையைக் கிழித்தது. அண்ணா எந்த ஃபேடரையும் ஏற்றவில்லை. திறந்துகொண்டே போனார், அவ்வளவுதான்.

ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் மறுபடி மைக்கில் விழுந்து, பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்குப் போவதுதான் ஃபீட்பேக். திறந்திருக்கும் ஒவ்வொரு மைக்கும் அந்தச் சத்தத்துக்கு இன்னொரு வாசல். திறந்த மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம், ஊளை வராமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறைகிறது. 12 மைக்கும் திறந்திருந்தால் கிட்டத்தட்ட 11 டெசிபல் பறிபோகும். போதாததற்கு ஏசியின் காற்று, காகிதச் சரசரப்பு, பேனாவைத் தட்டுவது எல்லாம் பன்னிரண்டு வழியாக உள்ளே வருகின்றன. பேசுகிறவர் ஒருவர்தான். மீதிப் பதினொன்றும் அவர் குரலைக் கலக்கிக்கொண்டே இருக்கின்றன.

"எல்லாரும் பேசறவரோட மைக்கத்தான் பாப்பாங்க. நீங்க பேசாதவங்க மைக்கப் பாருங்க தம்பி."

அதே மூச்சில் இன்னொன்றும் காட்டினார். ஒரு கூஸ்நெக்கை வாயிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பேசினார். பிறகு கழுத்தை வளைத்து 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்து பேசினார். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் ஏறும். கால்வாசி ஆனால் 12. பன்னிரண்டு மைக்கைத் திறந்து வைத்ததில் இழந்ததைவிட, ஒரு மைக்கை முகத்துக்கு அருகே இழுத்ததில் கிடைத்தது அதிகம். அன்றிலிருந்து கூட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவர் அருகிலும் போய், "ஐயா, இத இப்படிக் கொஞ்சம் பக்கத்துல வெச்சுக்குங்க" என்று கழுத்தை வளைத்துவிட்டு வருவது என் வேலை ஆயிற்று. கூச்சமாக இருக்கும். ஆனால் மிக்சரில் செய்ய முடியாததை அந்த வளைப்பு செய்துவிடும்.

பன்னிரண்டு பேரின் வாயையும் ஒரே ஆள் பார்த்துக்கொண்டு, திறந்து மூடிக்கொண்டு இருப்பது கஷ்டம். இதற்குத் தானியங்கி மிக்சர் இருக்கிறது. இரண்டு வகை. முதல் வகை குரல் வந்தால் மைக்கைத் திறக்கும், நின்றால் மூடும். அண்ணாவுக்கு அது ஆகாது. திறப்பதற்குள் முதல் எழுத்து போய்விடும். ‘வணக்கம்’ என்றால் அறையில் ‘ணக்கம்’ என்று விழும். மற்ற வகை, அமெரிக்காவில் நாடக மேடைகளுக்கு ஒலி அமைத்த டேன் டூகன் 1970-களில் கண்டுபிடித்த முறை. அதில் எந்த மைக்கும் முழுக்க மூடுவதில்லை. ஒரு மைக்குக்கு உரிய அளவை எல்லோருக்கும் பங்குபோடுகிறது. ஒருவர் மட்டும் பேசினால் பங்கு முழுவதும் அவருக்கு. இருவர் சமமாகப் பேசினால் ஆளுக்கு 3 டெசிபல் குறையும். யாருமே பேசாவிட்டால் பன்னிரண்டும் சமமாக இறங்கி நிற்கும். எந்த நேரத்திலும் மொத்தம் ஒரு மைக் திறந்திருக்கும் கணக்குத்தான். ஒரு பானைச் சோற்றைப் பசிக்குத் தக்கபடி பரிமாறுவது போன்ற இந்தக் கணக்கை முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு எளிமையாக, இவ்வளவு நியாயமாக ஒன்றை யோசித்திருக்கிறாரே என்று.

லேப்டாப்பையும் அழைப்பையும் இந்தப் பங்கில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால், வீடியோவில் பாட்டு ஓடும்போது பேசுகிறவரின் பங்கை அது தின்றுவிடும்.

அடுத்து நோட்டு. கோடு போட்ட சாதாரண நோட்டு. இடப்பக்கம் மேலிருந்து கீழாக உள்ளே வருபவை: மேசை மைக்குகள், கார்ட்லெஸ், லேப்டாப், அழைப்பு. மேலே இடமிருந்து வலமாக வெளியே போகிறவை: முன்வரிசை சீலிங் ஸ்பீக்கர், பின்வரிசை சீலிங் ஸ்பீக்கர், அழைப்பு, பதிவு. எது எங்கே போக வேண்டுமோ அந்தக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி. மிக்சரில் கை வைப்பதற்கு முன் இந்தப் படத்தை முடித்தாக வேண்டும். நான் போட்ட முதல் படத்தில் எல்லாக் கட்டத்திலும் பெருக்கல் குறி. எல்லோருக்கும் எல்லாம் கேட்கட்டுமே என்பது என் நினைப்பு. அண்ணா சிவப்புப் பேனாவை எடுத்து, ‘அழைப்பு’ வரிசையும் ‘அழைப்பு’ பத்தியும் சந்திக்கும் கட்டத்தில் இருந்த குறியை அடித்துவிட்டு, சுற்றி வட்டம் போட்டார். "இது காலியா இருக்கோணும்."

அந்தக் காலிக் கட்டத்தின் அருமை இரண்டு மாதம் கழித்து வேறோர் அலுவலகத்தில் தெரிந்தது. அவசரத்தில் மாஸ்டரின் வெளியீட்டையே அழைப்பு ஓடும் கணினிக்கு இழுத்துவிட்டேன். அந்தப் பக்கம் பேசியவருக்கு அவருடைய குரலே அரை விநாடி கழித்துத் திரும்பிப் போயிற்று. ஒரு வாக்கியம் தொடங்குவார், தன் குரலைக் கேட்டு நிறுத்துவார், மறுபடி தொடங்குவார். நம் குரல் தாமதமாக நம் காதில் விழுந்தால் பேச்சு குழறும். அவர் கடைசியில் கேமராவைப் பார்த்துக் கையை விரித்தது இன்னும் நினைவிருக்கிறது. அழைப்புக்கு அனுப்பும் கலவையில் அழைப்பு மட்டும் இருக்கக் கூடாது. மற்ற எல்லாம் இருக்கலாம். தனி ஆக்ஸ் வெளியீடு ஒன்றில் அப்படிக் கட்டினேன். அப்போதும் ஸ்பீக்கரிலிருந்து வந்த அவர் குரல் மேசை மைக்குகளில் விழுந்து அவருக்கே போகும். அதைக் கழிக்கத்தான் எதிரொலி நீக்கி இருக்கிறது. ‘அந்தப் பக்கத்துக் குரல் இதுதான்’ என்று அதற்கு மாதிரியாகக் கொடுக்கும் வரத்தில் நம் அறை மைக் ஒன்றுகூடக் கலக்கக் கூடாது. கலந்தால் நம் குரலையே கழித்துவிடப் பார்க்கும்.

இவையெல்லாம் திருத்திக்கொள்ள முடிந்தவை. திருத்த முடியாமல் போன ஒன்றையும் சொல்ல வேண்டும்.

ஒரு மில்லில் காலமான நிறுவனரின் நினைவு நாள். பழைய பேச்சு ஒன்றைப் பின்னணி இசையோடு வீடியோவாகச் செய்திருந்தார்கள். முன்வரிசையில் அவர் மனைவி, பிள்ளைகள். லேப்டாப்பிலிருந்து எங்களிடம் இருந்த நீளக் கேபிள் ஒன்றைச் சொருகி, இசை வருகிறதா என்று பத்து விநாடி மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தியிருந்தேன். வந்தது. விளக்கை அணைத்தார்கள். திரையில் பெரியவர் பேசினார். உதடு அசைந்தது, கை உயர்ந்தது; குரல் இல்லை. இசை மட்டும் எங்கோ குகைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. நான் ஃபேடரை ஏற்றினேன். இசைதான் கூடியது.

பின்னால் நின்றிருந்த அண்ணா மூன்றே எட்டில் வந்தார். ஃபேடரைக் கீழே இறக்கி, லேப்டாப்பிலிருந்து ஜாக்கைப் பிடுங்கி, கார்ட்லெஸ் மைக்கை லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரோடு ஒட்டிப் பிடித்தார். மெலிந்த குரல்தான். ஆனாலும் பெரியவர் பேசினார். முடியும் வரை ஒன்பது நிமிடம் அண்ணா குனிந்தபடியே நின்றார். ஆனால் பேச்சின் முதல் பகுதி போனது போனதுதான். அந்த அம்மா அதைக் கேட்கத்தான் வந்திருந்தார்.

நடந்தது இதுதான். மிக்சரின் பேலன்ஸ்டு உள்ளீடு இரண்டு கம்பிகளில் வருவதன் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் ஒரே மாதிரி வருவதை வழியில் ஒட்டிய இரைச்சல் என்று தள்ளிவிடும். நீளமான கேபிளிலும் உறுமல் ஏறாமல் இருப்பது இதனால்தான். லேப்டாப் ஜாக்கோ ஒரு கம்பியில் இடப்பக்கத்து ஒலியையும் மறு கம்பியில் வலப்பக்கத்து ஒலியையும் அனுப்புகிறது. பேச்சு வழக்கமாக நடுவில் இருக்கும். இரண்டிலும் அச்சாக ஒரே மாதிரி. இரைச்சலைத் தின்னவேண்டிய வாய் அவர் குரலைத் தின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வேறுபட்டு இருந்த இசையின் மிச்சம் மட்டும் தப்பி வந்தது. அன்றிரவே அண்ணா ஒரு ஸ்டீரியோ டிஐ பாக்ஸை என் பையில் போட்டார். இடமும் வலமும் தனித்தனி சேனலுக்குப் போகும். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், லேப்டாப் சார்ஜர் கொண்டுவரும் 50 ஹெர்ட்ஸ் உறுமலையும் அறுத்துவிடும். அவர் என்னைத் திட்டவில்லை. "பாட்டக் கேட்டீங்க, பேச்சக் கேக்கல" என்றார். இப்போது எந்த வீடியோவாக இருந்தாலும், ஒரு மனிதக் குரல் வரும் இடம் வரை ஓட்டிக் கேட்காமல் எழுந்திருக்க மாட்டேன்.

ஒரு வருஷம் கழித்து முதல்முறையாகத் தனியாக அனுப்பினார். போனஸ் பேச்சுவார்த்தை. மேசையின் ஒரு கையில் நிர்வாகம், மறு கையில் தொழிற்சங்கம், நடுவில் தலைவர். கிளம்பும்போது அண்ணா சொன்னது ஒன்றுதான்: "மொதலாளி கொரலும் தொழிலாளி கொரலும் ஒரே அளவுல விழோணும். யார் பேச்சு சின்னதாக் கேட்டாலும் அது உங்க தப்பு."

மேசை மைக் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றி இறக்க ஒரே டிசிஏ ஃபேடரில் கட்டினேன். தலைவர் மட்டும் வெளியே. மியூட் குரூப் ஒன்று, இடைவேளைக்கு. நிர்வாகத்தார் தங்களுக்குள் குனிந்து பேசிய போதும், சங்கத்தார் ஒருவர் காதை ஒருவர் கடித்த போதும், தானியங்கியை நம்பாமல் அந்தப் பக்கத்து மைக்குகளை என் கையாலேயே மூடினேன். தலைமை அலுவலகம் அழைப்பில் இருந்தது. காதுக்குள் சொன்னது அவர்களுக்குப் போகக் கூடாது. ரெக்கார்டரிலும் ஏறக் கூடாது. மறுபடி நிமிரும்போது திறக்க வேண்டும். பேசப்போகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் தோள் முன்னால் வரும், தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைப்பார், கண்ணாடியைச் சரிசெய்வார். கை அப்போதே ஃபேடருக்குப் போய்விட வேண்டும்.

சங்கத்தின் பக்கம் கடைசி நாற்காலியில் ஸ்பின்னிங் பிரிவில் வேலை செய்யும் ஓர் அம்மா. பெயர் கேட்க முடியாமல் டேப்பில் ‘நீலச் சேலை’ என்று எழுதியிருந்தேன். ஒன்றரை மணி நேரம் அவர் பேசவே இல்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தார். மைக் அவரிடமிருந்து ஒரு முழத்துக்கு மேல் தள்ளி, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றது. ஒரு கட்டத்தில் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். பேசப்போகிறார். அந்தத் தூரத்துக்கு ஃபேடரை ஏற்றினால் விசில் வரும். ஏற்றாவிட்டால் எதிர்ப்பக்கத்தில் யாருக்கும் கேட்காது. அலுவலக உதவியாளரிடம் கண்ணைக் காட்டினேன். காலையில் பன்னிரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்து கதை சொன்னவர் அவர், புரிந்துகொண்டார். டீ கிளாஸை எடுப்பதுபோல் போய், கூஸ்நெக்கின் கழுத்தை அந்த அம்மாவின் வாய்ப்பக்கம் வளைத்துவிட்டு வந்தார்.

அந்த அம்மா பேசினார். நைட் ஷிஃப்ட் பஸ் நேரத்தைப் பற்றி. சின்னக் குரல்தான். ‘நீலச் சேலை’யின் ஃபேடர் ‘0’ கோட்டில் நின்றது. மீட்டர் -18 பக்கம் ஆடியது. மற்ற பதினொன்றும் இறங்கி நின்றன. எதிர்வரிசையில் ஒருவர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார்.

கூட்டம் முடிந்து கேபிள் சுருட்டும்போது அந்த அம்மாவிடம் போய்ப் பெயர் கேட்டேன். எதுக்குங்க தம்பி என்றார். அடுத்த கூட்டத்துக்கு எழுதி வைக்க என்றேன். சொன்னார். டேப்பை உரிக்குமுன், நோட்டில் அந்த வரிசையில் எழுதிக்கொண்டேன்.